பீரோவுக்குள்ளே நிற்கிறவன்

பீரோ என்னவோ நல்ல பீரோதான், ஈட்டி மரம், காப்பித் தோட்டத்து துரைசானிக்காக அந்தக் காலத்தில் செய்தது என்று காலையில் பங்களாக்காரர் வந்து தட்டித் தட்டிக் காட்டிவிட்டுப் போனார், ஆனால் துணி தொங்குவதற்குச் செய்த பீரோவில் தணிகாசலம் மாதிரி ஐந்தே முக்கால் அடி ஆள் நிற்கவேண்டும் என்றால் என்ன பாடு, கழுத்தை இடது பக்கம் மடக்கி, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகைப் பின்பலகையில் ஒட்டவைத்து, அந்துருண்டை வாசனையையும் முகமூடியின் ரப்பர் வாசனையையும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு நின்றான். கதவிடுக்கில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம். மணி மூணு இருக்கும். வெளியே ஏற்காட்டு வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கிறது, குரங்குகூட ஓட்டின் மேலே ஓடுகிறது, உள்ளே மட்டும் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து ராத்திரி பண்ணி வைத்திருக்கிறார்கள். லைட் சரியாகிற வரைக்கும் இப்படியே நிற்கவேண்டியதுதான். நிற்பது அவனுக்குப் புதிதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறான், கிணற்றுக்குள் நின்றிருக்கிறான், ஒரு படத்துக்கு வைக்கோல் போருக்குள் அரைநாள் நின்று உடம்பெல்லாம் அரிப்பெடுத்து வேதவல்லி வேப்பிலை அரைத்துப் பூசினாள். முப்பத்தொரு பேரைக் கொன்றிருக்கிறான், எண்ணி வைத்திருப்பது அவன் இல்லை, வேதவல்லிதான், டீவியில் படம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அதோ அந்த முதுகு எங்க வீட்டுக்காரர் என்பாள், அந்த அம்மாளும் முகவாயைத் தாங்கிக்கொண்டு, முதுகு நல்லா இருக்கு, மூஞ்சி எப்ப வரும் என்பாள். மூஞ்சி வராது. ஃபைட்டருக்கு, அதிலும் டூப்பு போடுகிறவனுக்கு, முதல் பாடமே அதுதான், எங்கே விழுந்தாலும் எப்படி உருண்டாலும் கேமரா எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கவேண்டும், மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பக் கூடாது, திரும்பினால் ஷாட்டு செத்தது. இந்தப் படத்திலும் முகமூடி கடைசியில் கழலும், உள்ளே ஹீரோவின் மூஞ்சி இருக்கும், அதைச் சென்னையில் தனியாக எடுத்துக்கொள்வார்கள். அது கழலும் வரைக்கும் உள்ளே இருக்கிறது தணிகாசலம். போன வாரம் மாடிப்படியில் உருளும்போது முகமூடி ஒதுங்கித் தாடை மட்டும், தாடை மட்டும்தான், வெளியே வந்துவிட்டது, கேமராமேன் ராயப்பன் சார் வாயில் பாதி வடையோடு சத்தம் போட்டார், கட், டூப்பு மூஞ்சி தெரியுது. கட் சொல்கிற உரிமை எந்த செட்டிலும் டைரக்டருக்குத்தான், இந்த ஒன்றுக்கு மட்டும் ராயப்பன் சார் யாரையும் கேட்கமாட்டார், பிலிம் சுருள் ஓடின காலத்துப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

படத்தின் பெயர் 'யாரும் தனியா போகாதீங்க'. கொலைப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பிள்ளைகள் எடுக்கிற படம், கொலைப் படத்தையே கேலி பண்ணுகிற கொலைப் படம். ஒரு பங்களாவுக்கு ஆறு பேர் வருவார்கள், முகமூடிக்காரன் கத்தியோடு வருவான், எல்லாம் வழக்கம்போலத்தான், ஆனால் இதில் ஆறு பேருக்கும் தாங்கள் எந்த மாதிரிப் படத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று தெரியும். கரண்டு போனதும் ஒருத்தன், ஃபியூஸ் பார்க்க நான் போகமாட்டேன், போனவன் எவனும் திரும்பி வந்தது கிடையாது என்று சோபாவில் படுத்துக்கொள்வான். குளிக்கப் போன பெண் குழாயைத் திறந்ததும் யோசித்து, ரெண்டு நாள் நாறினாலும் பரவாயில்லை என்று திரும்பி வருவாள். முகமூடிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை, கத்தி மொட்டையாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்வான், மாடி ஏறி மூச்சு வாங்கினால் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பான், ஒரு இடத்தில் பயந்து மயங்கி விழுவான், இன்னொரு இடத்தில் கையைத் தூக்கி 'கட்' என்றே சொல்லிவிடுவான், கூட இருக்கிறவர்கள் யார் கட் சொன்னது என்று சண்டை போடுவார்கள். டைரக்டர் இனியன் கதை சொன்னபோது தணிகாசலத்துக்கே சிரிப்பு தாங்கவில்லை. முப்பத்தொரு பேரைக் கொன்றவனுக்கு இது ஒரு நல்ல இளைப்பாறல் என்று நினைத்தான். வாய்க்கு வந்ததைப் பேசுங்கண்ணே, நல்லா இருந்தா வச்சுக்குவோம் என்று இனியன் சொல்லி முகமூடிக்குள்ளேயே சின்ன மைக் ஒன்றை ஒட்டிவைத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை வாய்க்கு வேலை. அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னபோது வேதவல்லி, முதுகுக்கு இப்ப குரலும் வந்திருச்சா என்றாள்.

இப்போது எடுக்கப்போகிற சீன் இதுதான். ஆறு பேரில் ஐந்து பேர் செத்தாயிற்று. கடைசிப் பெண், அதாவது நேத்ரா, பீரோவைப் பார்ப்பாள். மற்ற படத்தில் என்றால் ஓடுவாள். இவள் ஓடமாட்டாள். நேராக வந்து தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே நிற்கிறவனைப் பார்த்து, எவ்வளவு நேரமாடா காத்துக்கிட்டு இருக்கிறது, குத்துறதா இருந்தா குத்து, எனக்கு வேற வேலை இருக்கு என்று சொல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கத்தியைத் தன் வயிற்றில் தானே செருகிக்கொள்வாள். ஒரே ஷாட்டு, நடுவில் வெட்டு கிடையாது. ஒத்திகையில் அந்தப் பெண் வெடுக்கென்று இழுத்த இழுப்பில் பீரோவின் கீழ்விளிம்பு தடுக்கி அவன் மொத்தமாய் அவள் மேலே விழுந்தான், எல்லோரும் கைதட்டினார்கள், அப்படியே விழுங்கண்ணே, அதான் வேணும் என்றான் இனியன். வயிற்றில் அவளுக்கு ஒரு விரல்கனத்துக்கு ஸ்பாஞ்சும் அதன் மேலே ரத்தப் பையும். கத்தியில் ஸ்பிரிங்கு, முனை பட்டதும் அலகு கைப்பிடிக்குள் போய்விடும். காலையில் டிபன் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலிக்காதுல்லண்ணே என்று கேட்டாள், கோயமுத்தூர்ப் பெண், இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தாள். வலிக்காதும்மா என்று சொன்னான். சொன்னான் இல்லையா, அவன்தானே சொன்னான்.

கத்தியைச் சோதிக்கிறது அவனுக்கு ஒரு பழக்கம். ஷாட்டுக்கு முன்னால் முனையை இடது உள்ளங்கையில் வைத்து மூன்று தடவை அழுத்திப் பார்ப்பான், மூன்று தடவையும் உள்ளே போகவேண்டும். கூட வேலை செய்கிற பிள்ளைகள், அண்ணன் கத்திக்கு நாடி பாக்குறாருடா என்று கிண்டல் பண்ணும். லாசர் விஷயத்துக்கு அப்புறம் வந்த பழக்கம், அதை இப்போது நினைக்கவேண்டாம். இன்றைக்கு இடது கையிலும் ரப்பர் உறை, சிமிட்டி மூட்டை மாதிரித் தடிமன், ஒன்றும் தெரியாது, அதனால் கத்தியைத் திருப்பிப் பீரோவின் பக்கப்பலகையில் வைத்து அழுத்தினான். போகவில்லை. இடம் போதாமல் சாய்ந்து பட்டிருக்கும் என்று நேராக வைத்து அழுத்தினான். டுக் என்றது. இழுத்தால் வரவில்லை, முனை மரத்தில் பிடித்துக்கொண்டது. ஈட்டி மரத்தில். ஆட்டி ஆட்டி எடுத்துவிட்டு அப்படியே நின்றான். ரப்பருக்குள்ளே நெற்றி வேர்த்து மூக்கின் பக்கமாக ஒரு சொட்டு இறங்கியது, துடைக்க வழியில்லை, அது உதட்டுக்கு வந்தது, உப்பு. கத்தி இரண்டு. ஒன்று ஸ்பிரிங்கு, ஒன்று அசல் எஃகு. அசல் எதற்கென்றால் கிட்டத்தில் எடுக்கிற குளோசப்புக்கு, கதவிடுக்கில் அலகு மின்னவேண்டும், ஸ்பிரிங்கு கத்தி தகரம் மாதிரி மங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், அடையாளத்துக்கு அசலின் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். ரத்த வழுவழுப்பில் கை நழுவாமல் இருக்கக் கத்தியைக் கையுறையோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்று சுற்றென்று சுற்றி, உறையையும் சட்டைக்கையோடு ஒட்டியாயிற்று. நூல் டேப்புக்கு அடியில் போய்விட்டது. எப்போதும் பெரிய ஷாட்டு முதலில், குளோசப்பு கடைசியில். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான், அதனால் அசல் கத்தி கைக்கு வந்தால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம், மாற்றுகிற பேச்சே எழாது. இன்றைக்குக் கறுப்புத் துணியில் ஒரு கிழிசல், வெயில் கோடு கூடத்தில் விழுகிறது, அதை அடைக்கிற நேரத்துக்குள் குளோசப்பை முதலில் எடுத்துவிடலாம் என்றார் ராயப்பன் சார். எடுத்தார்கள். அப்புறம் டீ வந்தது. அசிஸ்டெண்டு பெண் பவித்ரா கத்தியைப் பார்த்தாள், டேப்பு இருக்கிறது, சரி என்றாள். அவனும் பார்த்தான், டேப்பு இருக்கிறது, சரி என்றான். இன்னும் ரெண்டு சுற்று சுத்தும்மா, நல்லா இறுக்கமா இருக்கட்டும் என்று சொன்னதும் அவன்தான். யாரைச் சொல்ல.

சரி, இதற்கென்ன, சொன்னால் போகிறது. "பவித்ராம்மா, கத்தி மாறியிருக்கு, கொஞ்சம் திறங்க" என்றான் அவன். வெளியே சிரிப்பு, நாலைந்து பேர் சிரிக்கிற சிரிப்பு. இனியன் அடுத்த அறையில் டீவிப் பெட்டிக்கு முன்னால் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருக்கிறவன், அங்கிருந்தே ஒலிபெருக்கியில் வந்தான். "அண்ணே, சூப்பர். மொட்டைக் கத்தி சீனுக்குத் தொடர்ச்சியா வச்சுட்டீங்க பாருங்க. டேக்குல இதையே சொல்லுங்க." தணிகாசலம் பலகையைத் தட்டினான், மூன்று தட்டு. நேத்ரா பக்கத்தில்தான் நிற்கிறாள் போல, "உள்ள ஆள் இருக்கு, அடுத்த பீரோவுக்குப் போங்க" என்றாள், மறுபடியும் சிரிப்பு. "நான் விளையாடலைம்மா, நிஜக் கத்தி இது, நிஜமா சொல்றேன்" என்றான். "நிஜமா சொல்றேன்னு எல்லாக் கொலைகாரனுந்தாண்டா சொல்றான்" என்றாள் அந்தப் பெண், இதுவும் வசனம்தான், நாற்பதாவது சீனில் சோபாக்காரன் சொல்கிறது, நல்ல ஞாபகசக்தி பிள்ளைக்கு. "எல்லாரும் சைலன்ஸ். லைட் ரெடி. அஞ்சு நிமிஷம், லென்சு மட்டும் மாத்திட்டுப் போயிரலாம்" என்றான் இனியன். அதோடு வெளியே சத்தம் அடங்கிப்போனது, ஆட்கள் காலைத் தூக்கி வைக்கிற சத்தம்கூட இல்லை.

வாய்க்கு வந்ததைப் பேசு என்று சொன்னான், பேசினால் எல்லாம் படத்துக்குள் போய்விடுகிறது. இந்தப் படத்துக்கு எந்த மாதிரி வாய், எதைப் போட்டாலும் விழுங்குகிற வாய். கட் என்று கத்தலாம், முகமூடிக்காரன் கட் என்று கத்துவது முப்பத்தாறாவது சீன், கைதட்டுவார்கள். மயங்கின மாதிரி விழலாம், அதுவும் வந்தாயிற்று. தண்ணீர் கேட்கலாம், அழலாம், ஆத்தா என்று கூப்பிடலாம், எதைச் செய்தாலும் இனியன் தொடையைத் தட்டிக்கொண்டு, அண்ணே பின்றீங்க என்பான். இத்தனை நாள் முதுகை மட்டும் காட்டி ஊமையாக வேலை செய்தவன், குரல் கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட்டான், கொடுத்த குரல் அவசரத்துக்கு உதவவில்லை. கத்தியைக் கழற்றலாம் என்று இடது கையால் டேப்பின் நுனியைத் தேடினான், உறைக்குள்ளே இருக்கிற விரலுக்கு நுனி ஏது நடு ஏது, வாயால் கடிக்கலாம் என்றால் வாய்க்கு முன்னால் ரப்பர். கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம், ஒத்திகையில் ஒரு தடவை விளையாட்டுக்கு அப்படி மறைத்தான், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் பிடுங்கி இழுத்தாள், மறைத்தால் இன்னும் வேகமாய் இழுப்பாள், விளிம்பு தடுக்கும், எழுபத்தெட்டு கிலோவும் கத்தியும் ஒன்றாய்ப் போய் விழும். ஒரு விரல்கனம் ஸ்பாஞ்சு. கத்தி அரை முழம். இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே, சாப்பிட்டாளா இல்லையா, வெறும் வயிறா. வெறும் வயிறானால் என்ன, நிறைந்த வயிறானால் என்ன, லாசர் அன்றைக்கு மூன்று பரோட்டா சாப்பிட்டிருந்தான்.

வேண்டாம் வேண்டாம் என்றால் அது போகிறதா, நாக்கு பல்சந்தைத் தேடிப் போகிற மாதிரி அங்கேயே போகிறது. தலக்கோணம் காடு, பெரிய ஹீரோ படம், லாசர் அடியாள், தணிகாசலம் இன்னொரு அடியாள், துரோகி என்று லாசரைக் குத்தவேண்டும். ராயபுரத்து லாசர், கூடவே யூனியன் கார்டு வாங்கினவன், விழுவதில் அவனை அடிக்க ஆளில்லை. நாலு குத்து. முதல் குத்து ஸ்பிரிங்கில் போனது. இரண்டாவதில் அலகு கைப்பிடிக்குள் போகவில்லை. கைக்குத் தெரிந்துவிட்டது, வேறு யாருக்கும் தெரியவில்லை, கைக்கு மட்டும் தெரிந்தது, பழத்தில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு மெதுமெதுப்பு. ஆனால் கட் வரவில்லையே. ஃபைட் மாஸ்டர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் மூஞ்சி, இரண்டாவது பாடம் கட், ஆக்‌ஷன் என்றால் ஓடு, கட் என்றால்தான் நில், நடுவில் கை உடைந்தாலும் கால் உடைந்தாலும் நிற்காதே, ஒருத்தன் நின்றால் நூறு பேர் வேலை நிற்கும். அவன் நிற்கவில்லை. மூன்றாவது குத்து. நாலாவது குத்து. அதைவிடக் கொடுமை, லாசரும் நிற்கவில்லை, கண்ணைச் செருகி, வாயைக் கோணி, சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆடி ஆடி விழுந்தான், கட் வரவில்லையே என்று அவனும் செத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது குத்து கத்தி செய்த தப்பு. மூன்றாவது யார் செய்தது. நாலாவது. பிழைத்துக்கொண்டான், பதினாறு தையல், குடலில் ஒரு முழம் போனது, இன்றைக்கும் காரம் ஆகாது, தண்டையார்பேட்டையில் இட்லி மாவு அரைத்து விற்கிறான், பார்க்கப் போனால், வாடா குத்தாளா, உன் கை மட்டும் பிசகாதுடா, மூணும் ஒரே இடத்துல போட்ட பாரு என்று சிரித்துக்கொண்டேதான் சொல்கிறான், மோரில் உப்பு போட்டுக் கொடுக்கிறான். திட்டியிருந்தால் தேவலை. மூன்று. மூன்று குத்து. நாடி பார்க்கிறது மூன்று தடவை ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

லென்சு மாற்றுகிற கிளிக் சத்தம் கேட்டது. ராயப்பன் சார் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு வியூஃபைண்டரில் கண்ணை வைக்கப்போகிறார் என்று அர்த்தம். இனியன் அடுத்த அறையில் இருக்கிறான், சிரிக்கிறதற்குத் தயாராக இருக்கிறான், அவனுக்கு எதுவும் எட்டாது. நேத்ரா வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். ராயப்பன் சார், ராயப்பன் சார் இருக்கிறார். அந்த நினைப்பு வந்த மாதிரி வந்து போய்விட்டது, மறுபடியும் வேர்வை, மறுபடியும் லாசர், மறுபடியும் இட்லி, அப்புறம் வடை, வாயில் பாதி வடையோடு அவர் கத்தினாரே, என்ன என்று கத்தினார். அங்கே போய் நினைப்பு மாட்டிக்கொண்டது, முள்ளில் வேட்டி மாட்டிக்கொண்ட மாதிரி. இந்தப் படம் எதையெல்லாமோ விழுங்கும். ஒன்றை விழுங்காது. முகமூடிக்குள் தணிகாசலம் இருக்கிறதை விழுங்காது. அது எந்தச் சீனிலும் இல்லை. கடைசியில் முகமூடி கழன்றால் ஹீரோ மூஞ்சி என்று எழுதியிருக்கிறது, அதற்காகத்தான் ஜனம் உட்கார்ந்திருக்கும், இந்த அம்மைத் தழும்பு மூஞ்சி, வலது புருவத்தில் வெட்டு, முன்பல் ஒன்று இல்லாத மூஞ்சி அங்கே வந்தால் கதையே கிடையாது. கேலிக்கும் ஒரு எல்லை உண்டு, அந்த எல்லை தன் மூஞ்சிதான் என்று தணிகாசலத்துக்கு அந்த இருட்டில் தெரிந்தது. உடனே வேறொரு பயம் வந்தது. வேண்டுமென்றே கேமராவுக்கு மூஞ்சியைக் காட்டின ஃபைட்டர் என்று பேர் வந்தால் அவ்வளவுதான், மாஸ்டர் காதுக்குப் போகும், வயசாயிருச்சு, மூஞ்சி ஆசை வந்திருச்சு தணிகாவுக்கு என்பார்கள், போன் வருவது நின்றுவிடும், நாற்பத்தொன்பது வயதில் வேறு என்ன தெரியும், விழத் தெரியும். கையுறைக்குள்ளே விரல் ஒவ்வொன்றாக நடுங்கிற்று. நடுங்கட்டும். நடுங்கினால் என்ன, வேலை செய்யாதா. அன்றைக்கு நடுங்காமல் நாலு குத்து குத்தின கை. இன்றைக்கு நடுங்கிக்கொண்டே ஒன்றும் குத்தாமல் வெளியே வரும். அதைத் தீர்மானம் பண்ணினதும் மூச்சு கொஞ்சம் நீளமாக வந்தது, அந்துருண்டை வாசனைகூடத் திருநீற்றுப் பையைத் திறந்த மாதிரி இருந்தது.

முகமூடியின் ஜிப்பு பிடரியில். இடது கையைத் தூக்கவேண்டும், பீரோவில் முழங்கை மடங்க இடமில்லை. தோளைக் கீழே இறக்கி, இடுப்பைத் திருகி, கையைக் காதோரமாக மேலே கொண்டுபோனான், தோள்பட்டையில் பழைய முறிவு சுள்ளென்றது. "சவுண்டு" என்றான் இனியன் ஒலிபெருக்கியில். "ரோலிங்." ஜிப்பின் கொண்டி உறை விரலில் நிற்கவில்லை, வழுக்கியது, அதுவும் ரத்த வழுவழுப்பு. "கேமரா." "ரோலிங்" என்றார் ராயப்பன் சார். கொண்டி அகப்பட்டது, இரண்டு பல் இறங்கிற்று, முடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ஆக்‌ஷன்." ஆக்‌ஷன் என்றதும் கால் தானாக முன்னே போகப் பார்த்தது, இருபத்திரண்டு வருஷத்துக் கால், அதை அழுத்திப் பிடித்தான். நேத்ராவின் செருப்புச் சத்தம், டப், டப், கூடத்துப் பலகையில் நிதானமாக வருகிறது, எட்டு அடி என்று ஒத்திகையில் எண்ணியிருக்கிறான், மூன்று, நாலு. இழுத்தான். முடி போகிறது, போகட்டும். ஆறு. பிடரியில் ஒரு கொத்து பிய்ந்து வந்தது, ஜிப்பு இறங்கியது. எட்டு. தாழ்ப்பாள் கிரீச்சென்றது. ரப்பரை முன்னால் இழுத்தான், மூக்கில் மாட்டி, காதில் மாட்டி, சளக்கென்று கழன்று வந்தது, கூடவே கதவும் திறந்தது.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "எவ்வளவு நேரமாடா காத்துக்கிட்டு" என்று ஆரம்பித்தாள் நேத்ரா, கை அவன் மணிக்கட்டுக்கு வந்துகொண்டே இருந்தது, அவள் கண்ணில் அவன் மூஞ்சி பட்டதா இல்லையா தெரியாது, அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, விளக்குகளுக்கு நடுவே, கறுப்பாக உருண்டையாக நிற்கிற லென்சை நேராகப் பார்த்தான். தாடையைக் கொஞ்சம் தூக்கி, கண்ணை முழித்து, வேர்வையும் ரத்தப் பூச்சும் வழிகிற மூஞ்சியை முழுசாக அதற்குக் கொடுத்தான்.

"கட், கட். டூப்பு மூஞ்சி தெரியுது."

நேத்ராவின் விரல் அவன் சட்டைக்கையைத் தொட்ட இடத்திலேயே நின்றது. லைட்காரர்கள் அலுத்துக்கொண்டு மூச்சு விட்டார்கள். இனியன் அடுத்த அறையிலிருந்து காதுக் கருவி கழுத்தில் தொங்க ஓடி வந்தான். "என்னண்ணே, பிரமாதமா போயிட்டு இருந்துச்சு, எதுக்குக் கழட்டினீங்க" என்றான். சொன்னால் சிரிப்பான் என்கிற பயம் தணிகாசலத்துக்கு இன்னும் போகவில்லை. பீரோவை விட்டு இறங்கி, அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, திறந்திருந்த கதவுப் பலகையில் கத்தியை ஓங்கி ஒரு குத்து குத்தினான். அலகு ஒரு விரல் கனத்துக்கு ஈட்டி மரத்தில் இறங்கி நின்றது. கையை எடுக்கப் பார்த்தான், எடுக்க முடியாது, டேப்பு சுற்றியிருக்கிறதே, கதவோடு கதவாக அவனும் மாட்டிக்கொண்டு நின்றான். குரங்கு ஓட்டின் மேலே ஓடுகிறது நன்றாகக் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேத்ரா தன் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள், ஸ்பாஞ்சை அமுக்கிப் பார்த்தாள், அப்புறம் வந்து அவன் கையைப் பிடித்து நகத்தால் டேப்பின் நுனியைத் தேட ஆரம்பித்தாள். "நீங்க சொன்னீங்கண்ணே, பீரோவுக்குள்ள இருந்து. நாந்தான் கிண்டல் பண்ணேன்" என்றாள். "வலிக்காதுன்னு காலையில சொன்னேன் இல்ல, அதான்மா" என்றான். அவள் சுற்று சுற்றாக உரித்தாள், ஐந்தாவது சுற்றில் சிவப்பு நூல் தெரிந்தது, அதைப் பார்த்ததும் அவள் விரல் கொஞ்சம் நின்றது, மறுபடியும் உரித்தது.

இனியன் டீவிப் பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். முகம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனாலும் சினிமாக்காரன் இல்லையா, கண்ணில் வேறொன்று மினுங்கியது. "அண்ணே, தப்பு எங்க மேலதான், மன்னிச்சுக்கங்க. ஒண்ணு கேக்கலாமா. அந்த மூஞ்சி. முகமூடியை எடுத்தா உள்ள ஹீரோ இல்ல, யாருன்னே தெரியாத ஒருத்தர், ஸ்கிரீனை நேராப் பாக்குறாரு. இதுவரைக்கும் எவனும் பண்ணது இல்லண்ணே. அதை அப்படியே வச்சுக்கலாமா. டைட்டில்ல பேரும் போட்டுடறேன்." ராயப்பன் சார்கூட நெற்றிக் கண்ணாடிக்குக் கீழே இருந்து, நல்லா இருக்குய்யா, வச்சுக்க என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டுக்காரி, மூஞ்சி எப்ப வரும் என்று முகவாயைத் தாங்கிக்கொண்டு கேட்கிறது தணிகாசலத்தின் காதில் விழுந்தது, வேதவல்லி டீவிக்கு எட்டிப் போய்க் கையால் தொட்டுக் காட்டுகிறது தெரிந்தது.

"அழிச்சிருங்க தம்பி" என்றான். "அது உங்க படத்துக்குக் காட்டின மூஞ்சி இல்ல. அதையும் நீங்க சிரிப்பாக்கிட்டா, நாளைக்கு இன்னொருத்தன் பீரோவுக்குள்ள நின்னுக்கிட்டு என்னத்தைக் காட்டுவான்."

இனியன் உள்ளே போனான், ராயப்பன் சார் கூடவே போய் நின்று, அழிச்சாச்சு என்று சொன்னார், அவர் சொன்னால் சரிதான். தணிகாசலம் தண்ணீர் வாங்கிக் குடித்தான், பிடரியில் முடி போன இடத்தைத் தடவிவிட்டு முகமூடியை எடுத்து உட்பக்க வேர்வையை உதறினான். "இனிமே நான் முகமூடியைப் போட்டப்புறம் யாரும் கையில கத்தி தரக் கூடாது. முதல்ல கத்தி, அப்புறம் மூஞ்சியை மூடுறேன். இதான் முறை" என்றான், சத்தம் போடாமல்தான் சொன்னான், பவித்ரா எழுந்து நின்று சரிங்கண்ணே என்றாள். ஸ்பிரிங்கு கத்தி வந்தது. இடது கையின் ரப்பர் உறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வெறும் உள்ளங்கையை விரித்து, எல்லோரும் பார்க்க, நேத்ராவும் பார்க்க, முனையை நடுவில் வைத்து அழுத்தினான். உள்ளே போனது. எடுத்து மறுபடியும் அழுத்தினான். உள்ளே போனது. மூன்றாவது தடவை கொஞ்சம் நிதானித்து, தண்டையார்பேட்டையில் மோரில் உப்பு போட்டுக் கலக்குகிற ஒருத்தனை நினைத்துக்கொண்டு, பலமாக அழுத்தினான். அதுவும் உள்ளே போனது. அப்புறம் முகமூடியைப் போட்டுக்கொண்டு பீரோவுக்குள் ஏறி நின்று, கழுத்தை இடது பக்கம் மடக்கி, கதவைச் சாத்தச் சொன்னான்.